சமதரையில்தான் பார்த்தேன்

தவளைமலையில் தரை சாய்ந்த கதையை யார் சொன்னாலும் ஜெபக்கனி அக்காவின் காரிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். தப்பு. என் ஷெட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், திருமேனி என்கிற இந்தத் தடிமாட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஆனால் அப்படிச் சொன்னால் எனக்கு மனசு நோகும் என்று ஊர்க்காரர்கள் இன்றைக்கும் காரை முன்னால் தள்ளி விட்டு என்னைப் பின்னால் மறைத்து வைக்கிறார்கள், அந்தத் தயவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நடுவில் எங்காவது நான் நல்லவன் மாதிரித் தெரிந்தால் நம்பாதீர்கள்.

முப்பத்தொரு கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தால் தவளைமலை. அங்கே சமதரை கிடையாது. பஜார் சரிவு, பள்ளிக்கூடம் சரிவு, பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றால் நாலு சக்கரத்துக்கும் கல் வைக்க வேண்டும், டீக்கடை பெஞ்சுக்கு ஒரு பக்கம் இரண்டு செங்கல், மறுபக்கம் ஒன்றும் கிடையாது. ஊருக்கே சமமாக இருப்பது ஒன்றே ஒன்று, மலையைச் சீவி எஸ்டேட்காரர்கள் போட்ட கால்பந்து மைதானம். அதற்குள் ஒரு வண்டியைக் கொண்டுபோக வேண்டுமென்றால் எஸ்டேட் ஆபீசில் பெரிய கிளார்க் முன்னால் நின்று அனுமதி கேட்க வேண்டும்.

எனக்குத் தொழில் மீட்டர் வேலை. வண்டியில் முள் ஆடுகிற எதுவாக இருந்தாலும் என்னிடம் வரும். டீசல் முள் சரியாகக் காட்டவில்லையென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. டேங்கை முழுசாகக் காலி செய்துவிட்டு, ஐந்து ஐந்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு தடவையும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து, டேங்குக்குள்ளே மிதக்கிற மிதவையின் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்து, உள்ளே பாதி இருந்தால் முள்ளும் பாதியில் நிற்கும்படி செய்ய வேண்டும். பொறுமை வேண்டும், மூக்கு முழுக்க டீசல் நாற்றம் ஏறும். எல்லாவற்றுக்கும் மேலே வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சரிவில் நின்றால் டீசல் ஒரு பக்கமாக ஒதுங்கும், மிதவை ஏமாறும், முள் பொய் சொல்லும்.

ஜெபக்கனி அக்கா புருஷன் செத்து மாசம் முடிவதற்குள் ஸ்டியரிங் பிடித்தவள். அதற்காகவே அவளைப் பற்றி ஊருக்குள் ஒரு முணுமுணுப்பு எப்போதும் உண்டு, ஆனால் பிரசவம், பாம்புக்கடி என்று ஆஸ்பத்திரி அவசரம் வந்தால் முணுமுணுத்த வாய்தான் முதலில் அவள் வீட்டு வாசலில் போய்க் கூப்பிடும். பழைய வெள்ளை டீசல் கார். பல கை மாறி வந்தது, டேங்க் காலியானாலும் முள் பாதிக்குக் கீழே இறங்காது. அந்தப் பாதியை நம்பித்தான் ஒரு பனி நேரத்துக் காலையில், இடுப்பு வலி கண்ட ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு இறங்கியிருக்கிறாள். பத்தொன்பதாவது வளைவில் டேங்க் காலி. டீசல் வண்டி ஒரு தடவை காய்ந்து நின்றால் குழாயில் காற்று ஏறிக்கொள்ளும், பிறகு டீசல் ஊற்றினாலும் லேசில் கிளம்பாது. குழந்தை அந்தப் பின்சீட்டிலேயே பிறந்தது. தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது, அக்கா மட்டும் ஒரு வாரம் காரைத் தொடவில்லை.

அதற்கப்புறம்தான் என் ஷெட்டுக்கு வந்தாள்.

"திருமேனி, பாதின்னு காட்டுனா பாதி இருக்கணும். காலின்னு காட்டுனா காலியா இருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

"செஞ்சுடலாம்க்கா. ஆனா மைதானத்துல வெச்சுத்தான் பாக்கணும். இங்க பாத்தா முள்ளு பொய் சொல்லும்" என்றேன். நானேதான் சொன்னேன், என் வாயால்தான் சொன்னேன்.

மறுநாள் நான் மைதானத்துக்குப் போகவில்லை. மழை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தூறல்தான், அதற்குப் பேர் மழையா? உண்மை என்னவென்றால் அந்தக் கிளார்க் முன்னால் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்கப் பிடிக்கவில்லை. போன தடவை ஒரு ஜீப்புக்காகப் போனபோது மத்தியானம் வரைக்கும் காக்க வைத்துவிட்டு, "மைதானம் என்னப்பா உங்கப்பன் வீட்டு வாசலா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். அந்த ரோஷத்தில் காரை என் ஷெட்டிலேயே நிறுத்தினேன். மூக்கு சுவர்ப் பக்கம் மேலே, டிக்கி வாசல் பக்கம் கீழே, பின் சக்கரத்துக்கு ஒரு கல். ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றினேன், கம்பியை வளைத்தேன், அந்தச் சரிவுக்கு முள் கச்சிதமாக நின்றது. சாயங்காலம் அக்கா வந்தாள்.

"மைதானத்துலதானே பாத்த?"

"சமதரையிலதான் பார்த்தேன்க்கா."

அவள் குனிந்து டயரைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, வண்டிக்காரர்கள் சும்மா பார்ப்பார்களே, அந்த மாதிரி. "புல்லு ஒண்ணுகூட ஒட்டலையே" என்று சிரித்தாள்.

"கழுவிட்டேன்க்கா. என் தொழில் மேல சத்தியம்" என்றேன்.

இந்தச் சத்தியத்தை யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. பொய் சொல்கிறவனுக்குத்தான் வாய் நீளும்.

மறுநாள் காலையில் அக்கா காரைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தினாள், வாசல் சாய்ந்தது. வாசல் மட்டுமில்லை, காரின் ஹாரன் சத்தம் எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரத்துக்குத் தரை சாய்ந்தது, காரின் மூக்கு இருக்கிற பக்கம் மேடு, டிக்கி இருக்கிற பக்கம் பள்ளம், அதற்கு முன் அங்கே எந்தச் சரிவு எந்தப் பக்கம் இருந்ததோ அதெல்லாம் போய் இந்த ஒரே சரிவு. எதிர்வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்த செவந்தி, கிரைண்டரிலிருந்து வழிந்த மாவைக் கையால் தடுத்துக்கொண்டே, "யாரு, ஜெபக்கனியா வந்திருக்கறது?" என்று கேட்டாளே தவிர வேறு ஒன்றும் கேட்கவில்லை. கார் கிளம்பிப் போனதும் தரை பழையபடி ஆனது.

இரண்டு நாளில் எனக்குத் தெரிந்துவிட்டது. என் ஷெட்டில் ஒரு நட்டைக் கீழே போட்டால் உருண்டு வாசலைத் தொடுவதற்குள் ஆறு எண்ணலாம். அக்காவின் கார் நிற்கிற தெருவில் அதே தூரத்தை அளந்துகொண்டு, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து ஒரு நட்டைப் போட்டேன். ஆறு. பஜாரில் போட்டேன். ஆறு. நான் சமம் என்று சத்தியம் செய்த சரிவைப் பூமி அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது, கார் போகிற இடத்திலெல்லாம் அதையே சமம் என்று விரித்துக்கொண்டு போகிறது, அதனால் முள் ஒரு நாளும் பொய் சொல்வதில்லை. நட்டைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். சாப்பாடு இறங்கியது, அதுதான் கேவலம்.

ஊர் இதைப் பழகிக்கொண்ட வேகத்தைச் சொல்ல வேண்டும். முதல் மாசத்திலேயே அக்கா வருகிற சத்தம் கேட்டால் பெண்கள் அடுப்பிலிருக்கிற குழம்புச் சட்டியைச் சாய்த்துப் பிடித்துக்கொள்ளக் கற்றுக்கொண்டார்கள், தச்சர் இரண்டு கால் குட்டையாக ஸ்டூல் செய்து இது ஜெபக்கனி ஸ்டூல் என்று பேர் வைத்து விற்றார், சாக்கடை அடைத்துக்கொண்ட தெருக்காரர்கள் வந்து, "அக்கா, காரைக் கொஞ்சம் எங்க தெருவுல திருப்பிப் போடுங்க, தண்ணி போயிடட்டும்" என்று கேட்டுக்கொண்டு போனார்கள், கால்பந்துப் போட்டி நடந்தால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு அடிக்கிற டீமுக்கே ஜெயம் என்பதால் முதல் பாதியில் ஒரு பக்கமும் இரண்டாம் பாதியில் மறுபக்கமும் காரைத் திருப்பி நிறுத்தச் சொல்லி இரண்டு கேப்டன்களும் சேர்ந்து வந்து கேட்டார்கள், குடித்துவிட்டு வருகிறவர்கள் மட்டும் கார் நிற்கிற தெருவில் நேராக நடந்தார்கள். சர்வேயர் ஒருத்தர் வந்தார், மூன்று கால் கருவியை வைத்துப் பார்த்தார், துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். மலை இறங்கும்போதுதான் அக்காவுக்குக் கஷ்டம். கார் மூக்கு எப்போதும் மேடாக இருப்பதால் அவளுக்கு இறக்கம் என்பதே இல்லை, முப்பத்தொரு வளைவும் போகும்போதும் ஏற்றம், வரும்போதும் ஏற்றம். அவள் பின்னால் மாட்டிக்கொண்ட பஸ் டிரைவர்கள் இறங்குகிற ரோட்டில் முதல் கியரைப் போட்டுக்கொண்டு திட்டிக்கொண்டே போனார்கள்.

"ஆனா முள்ளு இருக்கே, கடியாரம்தான்" என்று அக்கா எல்லாரிடமும் சொன்னாள். "திருமேனி கை வெச்சதுலேருந்து ஒரு நாள் வழியில நின்னதில்ல."

நான் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

மாவு வழிந்தால், பால் கொட்டினால், சாமி படம் விழுந்து கண்ணாடி உடைந்தால், அக்கா அந்த வீட்டுக்குப் போவாள். வாசலில் செருப்பைக் கழற்றுவாள். உள்ளே கூப்பிட்டாலும் போக மாட்டாள். "மன்னிச்சுக்குங்க, என்னாலதான்" என்பாள். எதனால் அவளால் என்று அவளுக்கே தெரியாது, கார் அவளுடையது, அதனால் தப்பும் அவளுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டியிருந்தாள். முதலில் ஜனங்கள் பதறினார்கள், "ஐயோ, என்னங்கக்கா இது, மாவுதானே" என்றார்கள். ஆனால் ஒருத்தி வாசலில் வந்து நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தால், வீட்டுக்காரர்களுக்கு அவள் என்னமோ செய்திருக்கிறாள் என்று மெல்ல மெல்லத் தோன்ற ஆரம்பித்துவிடும் போலிருக்கிறது. ஒரு வருஷத்துக்குள் பதற்றம் போய்விட்டது. "சரி சரி, பாத்து நிறுத்து" என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தார்கள்.

பிறகு ஒரு நாள் அக்கா கார் வந்து நின்றபோது, ராக்கப்பன் பெரியவர் கட்டிலிலிருந்து உருண்டு விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்தது. அக்காதான் அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கீழே ஆஸ்பத்திரிக்குப் போனாள், மூன்று நாள் பக்கத்திலேயே இருந்தாள், அவள் திரும்பி வருவதற்குள் ஊர் பேசி முடித்திருந்தது. சும்மா பூமி சாயுமா? புருஷன் எப்படிச் செத்தான், யாருக்காவது தெரியுமா? மாசம் முடியறதுக்குள்ள ஸ்டியரிங் பிடிச்சவளாச்சே. டீக்கடையில் இதைப் பேசும்போது நானும் இருந்தேன். டாக்சி ஸ்டாண்டுத் தலைவர் பொன்னுரங்கம் என்னைப் பார்த்து, "என்ன திருமேனி, எதாச்சும் இருக்கும்ல?" என்று கேட்டார். "இருக்கும்ணே" என்றேன். நாக்கு அழுகிப்போகவில்லை, டீயும் அதே ருசியாகத்தான் இருந்தது.

சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தேன், அதையும் பெருமையாகச் சொல்ல வரவில்லை. யாருக்கும் தெரியாமல் காரை வாங்கி மைதானத்தில் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று ஒரு கள்ள யோசனையும் வந்தது. அப்புறம்தான் உறைத்தது, அந்தக் காரை எந்த மைதானத்துக்குக் கொண்டுபோனாலும் மைதானமும் சாயும். பொய்யைத் திருத்த இனிமேல் உலகத்தில் சமதரை கிடையாது. வாயைத் திறப்பது ஒன்றுதான் பாக்கி, அதை மட்டும் நான் செய்யவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அக்கா காரை வெளியே நிறுத்தியிருந்தாள், அதனால் கூடமும் சாய்ந்திருந்தது, எல்லாரும் பழகிய மாதிரி முன்னால் குனிந்து நின்றோம், பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் ஒன்றொன்றாகப் பின்சுவருக்கு நகர்ந்துகொண்டிருந்தன. பொன்னுரங்கம் சுற்றி வளைக்கவில்லை. அந்தக் கார் இனிமேல் இந்த மலையில் ஓடக் கூடாது என்றார். வேறு வண்டி ஓட்டட்டுமே என்று யாரோ சொன்னதற்கு, வண்டியிலயா தோஷம், ஆள்லயான்னு யாருக்குத் தெரியும், அவளும் கீழே போய்ப் பொழைச்சுக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது என்றார். அவள் பிறந்ததும் தவளைமலை, கட்டிக்கொண்டதும் தவளைமலை. கீழே அவளுக்கு ஒரு நாயைக்கூடத் தெரியாது.

ஜெபக்கனி அக்கா முன்னால் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"சரிங்கண்ணா. போயிடறேன். எல்லாரும் மன்னிச்சுக்குங்க. காரை வித்துடறேன், மொதல்லயே சொல்லி வெச்சிருக்கேன், பொள்ளாச்சியிலருந்து ஒருத்தர் நாளைக்குப் பாக்க வர்றாரு." அப்புறம் கூட்டத்துக்குள் என்னைத் தேடினாள். "திருமேனி, உங்கிட்ட ஒண்ணே ஒண்ணு. அவரு முள்ளப் பத்திக் கேட்டா நீ வந்து சொல்லணும். அந்தக் கார்ல சரியா இருக்கறது அது ஒண்ணுதான். மைதானத்துல வெச்சுப் பாத்ததுன்னு நீ சொன்னா நம்புவாரு."

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிரியமாகப் பார்த்தார்கள், சாமி, அதைத்தான் தாங்க முடியவில்லை.

"மைதானத்துல பாக்கலைக்கா" என்றேன்.

"என்ன?"

"மைதானத்துல பாக்கலை. என் ஷெட்டுலதான் வெச்சுப் பார்த்தேன். சரிவுல. கிளார்க்குகிட்டப் போயி நிக்கறதுக்கு வெக்கப்பட்டுக்கிட்டுப் போகலை. சத்தியம் பண்ணது பொய்யி. தரை சாயறது உங்களால இல்லக்கா. அது என் ஷெட்டுத் தரை. எனக்கு மொதல் வாரமே தெரியும்."

தரை இறங்கியது. கொதிக்கிற பாலை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கிற நிதானத்தோடு ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் ஏறிச் சமமாகி நின்றது. நாற்காலிகள் நின்றன. சாய்வுக்கு ஈடாகக் குனிந்து நின்று பழகியிருந்த அத்தனை பேரும் சமதரையில் அப்படியே குனிந்தபடி கொஞ்ச நேரம் நின்றார்கள், பார்க்கிறவர்களுக்கு ஊரே அவளைக் கும்பிடுவதாகத் தெரிந்திருக்கும், ஆனால் யாரும் கும்பிடவில்லை, நிமிர மறந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் சிரித்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தார்கள்! அட, இனிமேல் என் சத்தியத்துக்கு என்ன மதிப்பு, விடுங்கள். பொன்னுரங்கம் வந்து என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, "அடப்பாவி, இவ்வளவுதானா! தோஷம் கீஷம்னு பயந்தே போனோம்யா!" என்றார். யாரோ டீ சொல்லச் சொன்னார்கள். "இவன் கையில என்னமோ இருக்குய்யா, பூமியே கட்டுப்படுது பாரு" என்று இன்னொருத்தன் சொல்ல, இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். அவளை ஊரை விட்டே போகச் சொன்ன வாய்கள் எனக்கு டீயில் சர்க்கரை போதுமா என்று கேட்டன. ஒருத்தர்கூட அக்கா பக்கம் திரும்பவில்லை. எனக்கு அப்போது பூமி சாய்ந்து என்னை அப்படியே வளைவு வளைவாக உருட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தரை ஆடாமல் நின்றது.

அக்கா என் கிட்டே வந்தாள். அடிப்பாள் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"மன்னிச்சுடுங்கக்கா" என்றேன்.

"இரு. அதுக்குள்ள அங்க போகாத" என்றாள். சத்தமே இல்லாமல் பேசினாள், டீ ஆற்றுகிற சத்தத்துக்கு நடுவில் எனக்கு மட்டும்தான் கேட்டது. "ரெண்டு வருஷம். அறுபத்திரெண்டு வீடு. செருப்பக் கழட்டி வெச்சுட்டு, எதுக்குக் கேக்கறேன்னு தெரியாமயே மன்னிப்புக் கேட்டிருக்கேன். அதெல்லாம் அங்கங்க அவங்கவங்க வீட்டுல கெடக்குது. உன் மன்னிப்ப அப்பறம் பாத்துக்கலாம். மொதல்ல நீ ஒவ்வொரு வீடாப் போயி என்னோடத வாங்கிட்டு வா."

மறுநாளிலிருந்து ஷெட்டைப் பூட்டிவிட்டு நடந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன். "ஜெபக்கனி அக்கா உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாங்கள்ல, அது அவங்க கேட்டிருக்கவே கூடாதது. என் தப்பு. அதத் திருப்பிக் குடுத்துடுங்க" என்று வீட்டுக்கு வீடு சொன்னேன். லேசாகக் கொடுத்துவிடுவார்கள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் ஒருத்தர் தன்னிடம் கேட்ட மன்னிப்பை, அது பொருந்தாதது என்று தெரிந்த பிறகும், அவ்வளவு சீக்கிரம் கையை விட்டு விடுவதற்கு யாருக்கும் மனசு வருவதில்லை. "அது எங்க வெச்சேன்னு ஞாபகமே இல்லியேப்பா" என்றார் தச்சர். "நல்லாத்தானே கேட்டுச்சு, இருந்துட்டுப் போகட்டுமே" என்றாள் ஒரு டீச்சர். செவந்தி வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அதத் திருப்பிக் குடுத்துட்டா, அன்னிக்கு நான் அவளப் பேசுன பேச்சையெல்லாம் எங்கய்யா கொண்டுபோயிப் போடறது?" என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அப்புறம் கொடுத்தாள். "எடுத்துக்கிட்டுப் போ, அது எனக்குச் சேர வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். பொன்னுரங்கம் வீட்டுக்கு மூன்று நடை நடந்தேன், அவளே மறந்திருப்பா போப்பா என்று இரண்டு தடவை விரட்டினார், மூன்றாவது தடவை என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, எடுத்துக்கிட்டுப் போ என்றார். ராக்கப்பன் பெரியவர் மட்டும் கட்டிலில் படுத்தபடியே சிரித்தார். "நான் அத வாங்கவே இல்லியேடா. உன் தப்பில்ல தாயி, எடுத்துக்கிட்டுப் போன்னு அன்னிக்கே ஆஸ்பத்திரியில வெச்சே சொல்லிட்டேன்" என்றார். இடுப்பு முறிந்தவர் சொல்கிறார், இடுப்பு நன்றாக இருக்கிற நான் அந்தக் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பதினோரு நாள் ஆனது.

பொள்ளாச்சிக்காரரை வர வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். நான் பொய்யை ஒத்துக்கொண்டதும் முள்ளும் பொய்யாகிவிட்டது, அதனால் காரை மறுபடி சரிசெய்ய வேண்டியிருந்தது. எஸ்டேட் ஆபீசுக்குப் போனேன். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். கிளார்க் மத்தியானம் வரைக்கும் காக்க வைத்தான், கதையெல்லாம் தெரிந்திருந்தும் என் வாயால் ஒரு தடவை சொல்ல வைத்துக் கேட்டுவிட்டு அனுமதி கொடுத்தான். அதிகம் போனால் அரை நாள் வேலை. அந்த அரை நாளை மிச்சம் பிடிக்கத்தான் இரண்டு வருஷம் ஒருத்தியைச் செருப்பில்லாமல் நடக்க விட்டிருந்தேன்.

மைதானத்தில் வெயில் நன்றாக இருந்தது. அக்கா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து முள்ளைப் பார்த்தாள், நான் பின்னால் நின்று ஊற்றினேன். காலி டேங்கிலிருந்து ஆரம்பித்தோம். அஞ்சு என்பேன், முள் எங்கே இருக்கிறது என்று அவள் சொல்லுவாள். பத்து என்பேன், சொல்லுவாள். பதினைந்தில் மிதவைக் கம்பியை எடுத்து ஒரு நூல் அளவு வளைத்துப் போட்டேன். அதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

"இருவது" என்றேன்.

"பாதிக்குக் கொஞ்சம் கீழ நிக்குது. வளை."

வளைத்தேன்.

"இப்ப சரி" என்றாள்.

கேனைக் கீழே வைத்தேன். "அக்கா, அறுபத்தோரு வீட்டுலயும் வாங்கிட்டேன்" என்றேன்.

அவள் முள்ளின் மேல் படிந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

இதை நான் உங்களிடமும் இவ்வளவு நேரம் சொல்லாமல் விட்டிருக்கிறேன், வேறு ஒன்றுக்கும் இல்லை, வெட்கத்தில்தான். அந்த முதல் வருஷத்து மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் காரை என் தெருவில் திருப்பி நிறுத்தியபோது, என் ஷெட்டு அலமாரி சாய்ந்து நாலைந்து மீட்டர் கண்ணாடி உடைந்தது. அக்கா வந்தாள். கண்ணாடித் தூள் கிடக்கிறது, உள்ளே வராதீர்கள் என்று நான் சொல்லியும், செருப்பை வெளியே கழற்றிவிட்டு வெறுங்காலோடு எண்ணெய்த் தரையில் நின்று, "மன்னிச்சுக்க திருமேனி, என்னாலதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். எல்லாம் தெரிந்த நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல விடுங்கக்கா, இனிமே பாத்து நிறுத்துங்க" என்றேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள்.

"இன்னொண்ணு எங்கிட்ட இருக்குதுக்கா" என்றேன். "அதையும் திருப்பிக் குடுத்துடறேன்."

காரின் பின்பார்வைக் கண்ணாடியில் அவள் கண் மட்டும் தெரிந்தது. அது முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தெரியும். அது ஒண்ணு எனக்கு வேண்டாம், திருமேனி. அத நீயே வெச்சுக்க" என்றாள். அப்புறம், "அடுத்த அஞ்சு லிட்டர ஊத்து" என்றாள்.

ஊற்றினேன்.